நடந்து வந்த ஆணை

பேரரசர் ஹுவைரென் இருபத்தேழு வருடம் இளவரசராக இருந்தார். பேரரசராக நூற்று நாற்பது நாள் இருந்தார்.

கேட்பவர்களுக்கு அநியாயமாகத்தான் படும். அவருக்கு அப்படிப் பட்டதாகத் தெரியவில்லை. பருத்த உடம்பு, வீங்கிய கால்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தால்தான் அரியணைவரை போய்ச் சேருவார். உட்கார்ந்து மூச்சு வாங்கியதும், ஆணை எழுதும் அதிகாரி குவோ வென்னைப் பார்த்து, "இன்று யாரை விடலாம்?" என்று கேட்பார்.

மூவாயிரம் அந்தப்புரப் பெண்களை அவரவர் ஊருக்கு விட்டார். கூண்டில் இருந்த வேட்டைப் பருந்துகளை விட்டார். அரண்மனை வேலையாட்கள் சந்தையில் விறகு வண்டிகளை மறித்துப் பிடுங்கும் வழக்கத்தை நிறுத்தினார். தென்கோடியில் மேகமுதுகு மலை என்று ஒன்று உண்டு. அரண்மனைக்கு முதல் தேயிலைக் கொழுந்து பறித்துக் கொடுப்பதற்கென்றே நாற்பத்திரண்டு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கட்டுண்டு கிடந்தன. அவர்களையும் விட்டார்.

மொத்தம் அறுபத்தோரு ஆணைகள். அத்தனையும் குவோ வென் கையெழுத்து. அறுபத்து மூன்று வயது மனிதர். அழகாக எழுதுவார், எதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார்.

அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஆணை பதினேழாவது. குதிரை ஆணை.

இளவரசர் காலம் முழுவதும் ஹுவைரெனின் ஜன்னலுக்கு எதிரே அஞ்சல் லாயம் இருந்தது. வாயில் நுரை தள்ள ஓடிவந்து விழும் குதிரைகளை அவர் இருபத்தேழு வருடம் பார்த்தார். அரியணை ஏறியதும் ஆணையிட்டார். விடுதலை, மன்னிப்பு, வரிக்குறைப்பு ஆகியவற்றைக் கொண்டுபோகும் உறைக்குச் சிவப்புக் கயிறு. சிவப்புக் கயிற்றுக்கு மட்டும் குதிரை. மற்ற எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கயிறு. அது நடந்து போகும்.

"பேரரசே, பெரிய காரியங்கள் காத்திருக்கும்போது குதிரைக்கு ஓர் ஆணையா?" என்றார் குவோ.

"நல்ல செய்தி ஓடட்டும் குவோ. கெட்ட செய்திக்கு என்ன அவசரம்?" என்று பேரரசர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

குவோ எழுதினார். எழுதிய கையோடு அதை மறந்தும் போனார்.

குளிர்காலத்தில் பேரரசர் இறந்தார். தம்பி பட்டத்துக்கு வந்தார். சபையில் யாரும் அழுவதற்குக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. குவோவை மேகமுதுகு மலைக்குக் குடிப்பதிவு அதிகாரியாக மாற்றினார்கள். மாற்றம் என்பது மரியாதைக்குச் சொல்வது. தூக்கி எறிந்தார்கள். அவர் தூரிகைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோதே பக்கத்து மேசையில் புது அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்: "காலஞ்சென்ற பேரரசரின் அறுபத்தோரு ஆணைகளும் ரத்து."

நாற்பது நாள் மாட்டுவண்டிப் பயணம். குவோ ஒரு நாள்கூடத் திரைச்சீலையை விலக்கி வெளியே பார்க்கவில்லை.

மேகமுதுகு மலைக் கணவாயில் பிக்குணி லியான் ஒரு சிறு மடம் வைத்திருந்தார். ஓர் அடுப்பு, ஒரு பானை, வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி. நாற்பது வயது இருக்கும். குவோவுக்கு ஊரில் தங்க வேறு இடம் கிடைக்காததால் அங்கே தங்கினார். தங்கியதால் கஞ்சி குடித்தார். கஞ்சி குடித்ததால் பேச்சுக் கொடுத்தார். அப்படியே சீடராகிவிட்டார். தீட்சை என்று தனியாக எதுவும் நடக்கவில்லை.

முதல் நாள் காலையில் அவர் கேட்டார்.

"தாயே, நூற்று நாற்பது நாள். அதையும் ஒரே வரியில் அழித்துவிட்டார்கள். அதை ஓர் ஆட்சி என்று சொல்ல முடியுமா?"

லியான் அவர் முன்னால் இருந்த கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துப் பானையில் திருப்பி ஊற்றப் போனார்.

"ஏன் எடுக்கிறீர்கள்?"

"மத்தியானம் மறுபடி பசிக்கத்தானே போகிறது. எதற்கு வீணாக?"

குவோ எட்டிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். அறுபத்து மூன்று வயதில், ஒரு பிக்குணியோடு கஞ்சிக்கு இழுபறி. லியான் விட்டுவிட்டார்.

"உங்கள் அலுவலகத்தில் என்ன வேலை?" என்று கேட்டார்.

"தேயிலைக் குடும்பங்களைக் குடிமக்கள் ஏட்டில் பதிய வேண்டும். பதிந்தால்தான் விடுதலை. விடுதலை ஆணை வந்து மூன்று மாதமாகிறது, பதிவதற்கு ஆள் இல்லாமல் நாற்காலி காலியாக இருந்திருக்கிறது."

"பதியுங்கள்."

"அதுதான் ரத்தாகிவிட்டதே."

"ரத்து ஆணை இங்கே வந்துவிட்டதா?"

குவோ யோசித்தார். வந்திருக்க வேண்டும். குதிரையில் பன்னிரண்டு நாள் வழி. விசாரித்துப் பார்த்ததில் வரவில்லை.

"வழியில் பனி விழுந்திருக்கும். இன்று வந்துவிடும்," என்றார்.

"வந்த பிறகு, அதற்கு முன்னால் பதிந்தவர்கள் என்ன ஆவார்கள்?"

"ஒன்றும் ஆகமாட்டார்கள். எந்த ஆணையும் வாசிக்கப்பட்ட நேரத்திலிருந்துதான் செல்லும். ஆனால் தாயே, ஒரு குடும்பத்தைப் பதிய ஒரு முழு நாள் ஆகும். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் நேரில் வர வேண்டும். உயரம், மச்சம், தழும்பு எல்லாம் எழுத வேண்டும். மூன்று பிரதி. நாற்பத்திரண்டு குடும்பம், நாற்பத்திரண்டு நாள். ஆணை இன்று வந்துவிடும்."

"வரட்டும். இன்று யார்?"

குவோ திடுக்கிட்டார். அந்தக் கேள்வியை வேறொரு குரலில் அவர் நூற்று நாற்பது நாள் கேட்டிருக்கிறார்.

அன்று ஒரு குடும்பத்தைப் பதிந்தார்.

மறுநாள் காலையில், "இன்று கண்டிப்பாக வந்துவிடும் தாயே," என்றார்.

"வரட்டும். இன்று யார்?"

இப்படியே போயிற்று. பத்தாவது நாள் குவோ முகத்தில் கவலை குறைந்து எரிச்சல் வந்தது. அஞ்சல் துறை இவ்வளவு கேவலமாகிவிட்டதா என்று புலம்பினார். இருபதாவது நாள் புலம்பலும் நின்றது. முப்பதாவது நாள், லியான் கேட்பதற்கு முன்பே, "இன்று அந்தத் திக்குவாய்க்காரர் குடும்பம். ஒன்பது பேர். மதியத்துக்குக் கஞ்சி கட்டிக் கொடுங்கள்," என்றார். பதிந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கிப் போனார்கள். போகும்போது மடத்து வாசலில் ஒரு கைப்பிடித் தேயிலையை வைத்துவிட்டுப் போனார்கள். லியானின் வாழ்நாளுக்குப் போதுமான தேயிலை சேர்ந்துவிட்டது.

நாற்பத்திரண்டாவது நாள் காலையில் கணவாயில் ஓர் ஆள் ஏறி வந்தார். முதுகில் தோல் பை. பையின் வாயில் தொங்கிய உறையில் வெள்ளைக் கயிறு.

"சாமி, கொஞ்சம் வெந்நி கிடைக்குமா? கால் போச்சு," என்றார். அஞ்சல்காரர். பெயர் ஷாவோ.

குவோ கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஒரு குடும்பம் பாக்கி இருந்தது. லெய் சான் குடும்பம், பதினோரு பேர். மூன்று முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. இன்று வருவதாகச் சொல்லியிருந்தார்.

லியான் ஷாவோவை உட்கார வைத்து, வாளியில் வெந்நீர் ஊற்றி உப்புப் போட்டார். குவோ லியானைச் சமையல் மூலைக்கு அழைத்துத் தணிந்த குரலில் பேசினார்.

"தாயே, இவரைக் கொஞ்சம் தாமதப்படுத்த முடியுமா? தூங்க வைத்துவிட்டால்கூட..."

"அவர் காலைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"பாருங்கள்."

குவோ திரும்பிப் பார்த்தார். வாளிக்கு மேலே தெரிந்த கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அதே மாதிரிக் கால்களை அவர் அரியணைக்குக் கீழே தினமும் பார்த்திருக்கிறார்.

"இந்தக் காலுக்கு நான்கு நாழிகை வெந்நீர் வேண்டும். அது அவருக்காக, உங்களுக்காக இல்லை," என்றார் லியான். "இன்று யார்?"

"லெய் சான்."

"எங்கே?"

மலை மேலிருந்து சேகண்டிச் சத்தம் கேட்டது. பின்னாலேயே முரசு. பின்னாலேயே பலர் சேர்ந்து கத்தும் சத்தம்.

அன்று வசந்தத்தின் முதல் இடி நாள். அந்த நாளில் தேயிலைத் தோட்டத்தில் நின்று, "முளை, முளை" என்று செடிகளைப் பார்த்துக் கத்தி எழுப்புவது மேகமுதுகு மலை வழக்கம். அரண்மனைக் கொழுந்துக்காக ஆரம்பித்தது. அரண்மனைக்குக் கொழுந்து போவது நின்றாலும் லெய் சான் நிறுத்தவில்லை.

குவோ ஏட்டையும் மைக்கல்லையும் தூக்கிக்கொண்டு மலையேறினார். நடக்கவில்லை, ஓடினார். தலைநகரில் அவர் படியேறுவதற்கே பல்லக்குக் கேட்கிறவர்.

மேலே லெய் சான் குடும்பம் மொத்தமும் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருந்தது.

"லெய் சான், அலுவலகத்துக்கு வரச் சொன்னேனே?" குவோவுக்கு மூச்சு இரைத்தது.

"இதோ வர்றோம் ஐயா. இன்னும் ரெண்டு வரிசை பாக்கி இருக்கு."

"நீங்கள் இனிமேல் இந்தத் தோட்டத்து ஆள் இல்லை. எதற்குக் கத்துகிறீர்கள்?"

"அது எனக்குத் தெரியும். செடிக்குத் தெரியாதே ஐயா. பாவம், காத்துக்கிட்டு இருக்கும்."

குவோ சுற்றிப் பார்த்தார். பதினோரு பேரும் இங்கேயே இருக்கிறார்கள். ஒருத்தர் குறையவில்லை. எல்லாரும் நேரில் வர வேண்டும் என்றுதான் விதி. எங்கே என்று விதியில் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும், அதை எழுதியவர் அவர்தான். அலுவலகத்தில்தான் பதிய வேண்டும் என்று சேர்க்க மறந்ததற்காக அப்போது தன்னையே நொந்துகொண்டவர்.

"முரசைக் கீழே வையுங்கள்," என்றார்.

முரசுத் தோல்மேல் ஏட்டை விரித்து எழுதத் தொடங்கினார். தூரிகை ஒவ்வொரு முறை படும்போதும் முரசு மெல்ல முனகியது. லெய் சானின் கொழுந்தியாளுக்கு மச்சம் இடது கன்னமா வலது கன்னமா என்று ஒரு சண்டை வந்தது. கண் முன்னால் நின்ற பெண்ணின் கன்னத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஞாபகத்திலிருந்தே வாதாடினார்கள். குவோ பார்த்து எழுதினார். முழு நாள் வேலையை நான்கு நாழிகைக்குள் முடித்தார். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. இடுப்பிலிருந்து முத்திரையை எடுத்து மூன்று பிரதியிலும் பதித்தார்.

"ஆச்சா ஐயா?" என்றார் லெய் சான்.

"ஆயிற்று."

"அப்ப அந்த ரெண்டு வரிசையையும் முடிச்சிடட்டுமா?"

குவோ மலையிறங்கும்போது பின்னால் மறுபடி சேகண்டி ஒலித்தது.

மடத்தில் ஷாவோ காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா எங்க போய் இப்படி வேர்த்து விறுவிறுத்து வர்றீங்க?"

"தேயிலைக்குக் கத்துகிற இடத்துக்கு."

"வாசல்ல நிக்கிற வண்டிய எங்கேயோ பாத்திருக்கேன். ஆத்துத் துறையில என் மேல சேத்த வாரி அடிச்சிட்டுப் போன வண்டி உங்களோடதுதானே? திரை போட்டிருந்த வண்டி."

குவோவுக்கு வெட்கமாகப் போயிற்று. "மன்னிக்க வேண்டும். நான் வெளியே பார்க்கவில்லை. ஆனால் ஷாவோ, நீங்கள் ஏன் நடந்து வந்தீர்கள்?"

"எவன் குதிரை குடுக்கிறான்? ஒவ்வொரு லாயத்துலயும் உறையத் தூக்கிப் பாக்கிறான். வெள்ளைக் கயிறு. நடன்னுட்டான். எம்பத்திரண்டு நாள்."

குவோ பையின் வாயில் தொங்கிய வெள்ளைக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"பழைய ஆணையெல்லாம் ரத்து என்று சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. ஊர் முழுக்கத் தெரிஞ்ச கதைதான். ஆனா லாயம் குதிரைத் துறைக்குச் சொந்தம். குதிரைத் துறை உறை வந்தாத்தான் கேப்பாங்க. அது தனியா ஒரு உறையில வருது."

"எங்கே?"

"எனக்கு மூணு நாள் பின்னாடி. அதுவும் வெள்ளைக் கயிறுதான். கொண்டு வர்றவரு எனக்கு மூத்தவரு, பாவம், கம்பு ஊனி வர்றாரு."

குவோ மடத்துச் சுவரில் சாய்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் கொஞ்ச நேரம் வந்தது. ஷாவோ பயந்துபோய் லியானைப் பார்த்தார்.

"அவருக்கு இப்போதுதான் ஒரு வேடிக்கை புரிந்தது," என்றார் லியான். "கஞ்சி குடியுங்கள்."

உச்சிப் பொழுதில் அலுவலகப் படியில் நின்று குவோ ரத்து ஆணையை வாசித்தார். ஒரு வரிகூட விடவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. அறுபத்தோரு ஆணைகளும் இன்றோடு முடிந்தன. தேயிலைத் தோட்டத்தின் கட்டுக்குடிகள் அனைவரும் இந்த நேரம் முதல் பழையபடி கட்டுண்டவர்கள்.

கட்டுக்குடிகள் யாரும் இல்லை. நாற்பத்திரண்டு குடும்பமும் குடிமக்கள் ஏட்டில் இருந்தது. கூட்டத்தில் நின்ற லெய் சான், "யாரையோ சொல்றாங்க," என்று மனைவியிடம் சொன்னார். அன்று மாலையே மூட்டை கட்டுவதாகவும் சொன்னார்.

உறைக்குள் பதில் படிவம் ஒன்றும் இருந்தது. குவோ அதை மடத்துக்கு எடுத்துவந்து நிரப்பினார். விடுதலை பெற்ற குடும்பங்கள்: நாற்பத்திரண்டு. கட்டுக்குக் கீழே மீண்டும் வந்தவர்கள்: இல்லை. படிவத்தை மடித்து, உறையிலிட்டு, தன் பழைய பெட்டியின் அடியிலிருந்து சிவப்புக் கயிறு ஒன்றைத் தேடி எடுத்தார்.

"ஐயா, சட்டத்த மத்தியானந்தான ரத்து பண்ணீங்க?" என்றார் ஷாவோ.

"அலுவலகத்தில் ரத்து. லாயத்துக்கு இன்னும் உறை வரவில்லையே."

"சிவப்புன்னா நல்ல சேதி இருக்கணும்."

"இருக்கிறது," என்றார் குவோ. "குதிரையில் போங்கள். மெதுவாகவே போங்கள். உங்கள் மூத்தவரை வழியில் பார்த்தால் இந்த மடத்தைச் சொல்லுங்கள். வெந்நீர் இருக்கும்."

ஷாவோ தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு குவோவைக் குனிந்து வணங்கினார்.

கயிற்றைக் கட்டப் போன குவோ திடீரென்று நிறுத்தி, உறையிலிருந்து படிவத்தை மறுபடி எடுத்தார். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. தூரிகையை நனைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். லியான் பானையைக் கழுவிக் கவிழ்த்தார்.

"தாயே, ஒரு சந்தேகம்."

"கேளுங்கள்."

"காலஞ்சென்ற பேரரசரின் ஆட்சி இங்கே எந்த நாளில் முடிந்தது என்று கேட்டிருக்கிறார்கள். தலைநகரில் குளிர்காலத்திலேயே முடிந்துவிட்டது. அலுவலகத்தில் இன்று உச்சிப் பொழுதில் முடிந்தது. லாயத்தில் முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இதில் எதை எழுதட்டும்?"

லியான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தார்.

"உங்களிடம் முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.